கடைசி ஆட்டுக்குக் கொடுக்கிற சத்தம்

பேச்சுப் பயிற்சிக்கு முதல் நாள் போனபோது அந்த டாக்டரம்மா என் வீட்டுக்காரரிடம் கேட்ட முதல் கேள்வியே என் பேர் என்ன என்பதுதான். "உங்க மனைவி பேரைச் சொல்லுங்க பார்ப்போம், மெதுவா," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமாகி, மகளைக் கட்டிக்கொடுத்து, பேரனையும் பார்த்தாயிற்று. அந்த மனுஷன் நன்றாக இருந்த காலத்திலேயே ஒரு நாள்கூட என் பேரைச் சொன்னதில்லை. இப்போது வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை விளங்காமல், நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருக்கிறவரிடம் போய் அதைக் கேட்டால் என்ன செய்வார்? என்னை ஒரு பார்வை பார்த்தார். "ம்... ம்..." என்றார். டாக்டரம்மா உற்சாகமாகத் தலையாட்டினார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தான் டாக்டர் இல்லை, பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் என்று அந்த அம்மா பலமுறை சொல்லிப் பார்த்தார். என் மகளைவிடச் சின்னப் பெண்தான். ஆனால் எங்களுக்கு வெள்ளைக் கோட்டு போட்ட எல்லோருமே டாக்டர்தான். கோவில்பட்டியில் ஒரு மாடி அறையில் வகுப்பு நடந்தது. வாதம் வந்தவர்களுக்கான வகுப்பை மாடியில் வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியாது. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று அவரை ஏற்றுவதற்குள் எனக்கே பேச்சு நின்றுவிடும்.

அவர் விழுந்தது கார்த்திகை மாதத்தில். ராத்திரியெல்லாம் பெய்த மழை விடிகாலையில் விட்டிருந்தது. கஞ்சியைக் குடித்துவிட்டு ஆடுகளைப் பத்திக்கொண்டு போனார். போகுமுன் என்னிடம் சொன்னது, "ஏட்டி, கஞ்சியில உப்பு இல்ல." நான் உப்பு டப்பாவை எடுத்து டொக்கென்று அவர் முன்னால் வைத்தேன். அதற்கு மேல் பேச்சில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு சாதாரண காலை நேரம்.

வெயில் ஏறுவதற்குள் பக்கத்துக் காட்டில் மேய்த்துக்கொண்டிருந்தவர் ஓடிவந்து சொன்னார். கண்மாய்க்குப் பின்னால் தரிசில் அண்ணாச்சி விழுந்து கிடக்கிறார், வாய் இழுத்துக்கொண்டு போகிறது என்று. ஓடினேன். கரிசல் காட்டில் மழைக்குப் பிறகு ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், ஓட முடியாது. செருப்பு இரண்டு எட்டில் மண்ணுக்குள் போய்விட்டது. வெறுங்காலோடு போனால் காலுக்குக் கால் தோசைக்கல் அகலத்துக்கு மண் அப்பிக்கொள்கிறது. ஆம்புலன்ஸ் பசுவந்தனை தார்ரோட்டிலேயே நின்றுவிட்டது. அது உள்ளே இறங்கினால் அதைத் தூக்க இன்னொரு வண்டி வேண்டும். ஆட்கள் கயிற்றுக் கட்டிலில் அவரைப் போட்டுத் தூக்கினார்கள். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை கட்டிலை இறக்கிவைத்து, குச்சியால் கால் மண்ணைச் சுரண்டிவிட்டு, மறுபடி தூக்கினார்கள். கட்டிலில் கிடந்தபடி அவர் என்னைப் பார்த்து என்னவோ சொல்ல வந்தார். வாயில் எச்சில்தான் வந்தது.

கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். யாரையும் குற்றம் சொல்லிச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னார்கள். மண்ணைத் திட்டவா, மழையைத் திட்டவா? மழைக்காக ஆவணியிலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளே நான்தான்.

வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றைக்கே அவருடைய அக்கா, எனக்கு மதினி, ஒரு வயர்கூடையில் இரண்டு புறாக்களோடு வந்து இறங்கினார். வாதம் பட்ட கையில் புறா ரத்தத்தைச் சுடச்சுடத் தேய்த்தால் உணர்ச்சி வரும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். நான் தடுக்கவில்லை. மாத்திரை ஒரு பக்கம், புறா ஒரு பக்கம், எது எழுப்பிவிட்டாலும் சரி என்றுதான் இருந்தேன். கையில் உணர்ச்சி வரவில்லை. வீடு முழுக்கக் கவுச்சி வாடைதான் மிச்சம். மதினி புறாவை அறுக்கும்போது இவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தனக்காக அழுதாரா, புறாவுக்காக அழுதாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

சங்கரன்கோவில் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் வந்து ஒரு வாரம் இருந்தாள். ஆடுகளை விற்றுவிடச் சொன்னாள். மருமகனும் அதையேதான் சொன்னார். நான் கேட்கவில்லை. இவர் எழுந்து நடமாடத் தொடங்கினால் முதலில் தேடப்போவது என்னையல்ல, ஆட்டைத்தான் என்று எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு என்றாலும், தேடும்போது அது இருக்க வேண்டும் அல்லவா. மறுநாள் கம்பை எடுத்துக்கொண்டு நானே காட்டுக்குப் போனேன்.

எங்களுடையது பொட்டாடுகள். வெள்ளை உடம்பில் செம்பழுப்புப் பொட்டுப் பொட்டாக இருக்கும். பார்க்க லட்சணமானவை, பழகத் திமிர் பிடித்தவை. அவர் பின்னால் அவை போகிற அழகை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வீட்டில் வாயைத் திறக்காத மனுஷன் காட்டுக்குப் போய்விட்டால் ஓயாமல் சத்தம் கொடுத்துக்கொண்டிருப்பார். கிளம்பச் சொல்ல நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம். தண்ணீருக்கு இறங்கச் சொல்ல உதட்டைக் குவித்து ஒரு சத்தம். நிற்கச் சொல்ல ஒன்று. இவையெல்லாம் மொத்த மந்தைக்கும். ஒன்று மட்டும் தனி. எல்லா ஆடும் வந்துசேர்ந்த பிறகு ஒரே ஒரு ஆடு எங்காவது பின்தங்கி நிற்கும் அல்லவா, அதற்கு மட்டும் கொடுக்கிற சத்தம். "ஹ்ரோ... ப்பா... ப்பா" என்று அடிவயிற்றிலிருந்து எழுப்பி இழுத்து விடுவார். மற்ற ஆடுகள் அதைக் காதில் வாங்காது, தங்களுக்கு இல்லையென்று அவற்றுக்குத் தெரியும். ஒரு தடவை கொடுப்பார். இரண்டாவது தடவை கொடுப்பார். அதற்கும் வராவிட்டால் மூன்றாவதாகச் சத்தம் கிடையாது, கரிசல் கட்டி ஒன்று பறந்து வரும். ஆட்டின் மேல் படாது. அதன் காதோரமாகப் போய் விழுந்து புழுதி கிளப்பும். எத்தனை தூரமானாலும் அவருடைய கட்டி ஆட்டின் மேல் பட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கு எந்தச் சத்தமும் வரவில்லை. நான் நாக்கைத் தட்டினால் ஆடுகள் தலையைத் தூக்கி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி மேயப் போய்விடும். யாரோ ஒரு பொம்பளை கத்துகிறாள் என்பதற்கு மேல் அவை என்னைப் பொருட்படுத்தவில்லை. அதனால் ஓடினேன். முன்னால் போனதை மறிக்க ஓடி, பின்னால் நின்றதைப் பத்த ஓடி, சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது தொண்டையும் காலும் ஒன்றாகக் காய்ந்திருக்கும். ஆனாலும் ஒரு மாதத்தில் எந்தத் தரிசில் அறுகு இருக்கிறது, எந்த ஓடையில் தண்ணீர் நிற்கிறது என்பதெல்லாம் பிடிபட்டது. குளம்பு வெட்டக் கற்றுக்கொண்டேன். குட்டி போடுகிற ஆட்டுக்கு ஈத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஆடுகள் என்னை மதிக்கவில்லையே தவிர, செத்துப்போகவும் இல்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. வாசல் வேப்பமரத்திலிருந்து தொழுவத்துத் தூண் வரைக்கும் இடுப்பு உயரத்துக்கு ஒரு கயிறு கட்டிவிட்டேன். இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பார். முதலில் கயிற்றைப் பிடித்து நிற்க மட்டும் முடிந்தது. பிறகு பாதி தூரம். பிறகு தூணைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார். இடது கையால் பிசைந்து சாப்பிடக் கற்றுக்கொண்டார். பிறத்தியார் முன்னால் இடது கையால் சாப்பிட வெட்கப்பட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பங்குனியில் ஒருநாள் என்னை எதிர்பார்க்காமல் கம்பை ஊன்றிக் கொல்லைப்பக்கம் போய்விட்டுத் தானே திரும்பி வந்தார். அன்றைக்கு நான் தொழுவத்துக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். பெற்ற பிள்ளை நடந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

வாய்தான் வரவில்லை. டாக்டரம்மா வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார். தினமும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, உதட்டை அவர் பார்க்கிற மாதிரி அசைத்து, என் பேரை நான் சொல்ல வேண்டும். அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆட்டை அடைத்துவிட்டு, கால் கழுவிவிட்டு, சாயந்திர வெளிச்சத்தில் உட்கார்ந்து சொல்வேன். என் பேரை நானே அத்தனை தடவை சொல்லச் சொல்ல அது என் பேர் மாதிரியே இல்லாமல் போய்விட்டது. யாரோ ஒருத்தியைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. அவருக்கோ அதைவிடக் கஷ்டம். நான்கு பேர் பார்க்கச் செய்யக்கூடாத காரியத்தைச் செய்யச் சொன்ன மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருதடவை இடது கையால் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டார். நானும் பதிலுக்குக் கத்தினேன். ஒருத்தர் கத்த முடியாமலும் ஒருத்தி கத்தியும் சண்டை போட்டோம்.

சித்திரை போய் வைகாசியும் போனது. டாக்டரம்மா காட்டுகிற பட அட்டையில் இருக்கிற பசு, குடை, சாவி எதற்கும் சத்தம் வரவில்லை, என் பேருக்கும் வரவில்லை. டாக்டரம்மா முகம் வாட ஆரம்பித்தபோதுதான் நான் வாயைத் திறந்தேன். "அவிய என் பேரைச் சொன்னதே இல்ல டாக்டரம்மா. நல்லா இருக்கப்பவே சொன்னதில்ல," என்றேன்.

அந்தப் பெண் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தார். "ஒரு தடவைகூடவா? அப்போ எப்படிக் கூப்பிடுவார்?"

"ஏட்டிம்பாவ."

அவர் கோபப்படவில்லை. இத்தனை மாதம் கழித்தா சொல்கிறீர்கள் என்று கேட்கவும் இல்லை. அந்தப் பெண்ணுக்குச் சொந்த ஊர் திருச்சிப் பக்கமாம். அங்கே எப்படியோ. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் போய்ப் பெண்டாட்டி பேரை உரக்கச் சொல்லச் சொன்னால் நல்ல நாக்கு உள்ளவனே திக்குவான். அதை முதல் நாளே சொல்லாதது என் தப்பு என்றும் நான் நினைக்கவில்லை. கேட்டால்தானே சொல்ல முடியும். பேர் என்ன என்று கேட்டார்கள், பேரைச் சொன்னேன்.

அன்றிலிருந்து பாடம் மாறியது. இப்போது 'ஏட்டி' பழக வேண்டும். கல்யாணமான புதிதில் அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். மகள் பெரியவளானதும், அம்மாவுக்கு ஒரு பேர் இல்லையா என்று அப்பாவிடம் சண்டைக்குப் போயிருக்கிறாள். அந்த வார்த்தைக்காக இப்போது அவருக்கு எதிரே உட்கார்ந்து, நானே என்னை "ஏட்டி, ஏட்டி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதை ஒருதடவை அவர் வாயால் கேட்பதற்கு மந்தையில் பாதியைக் கொடுக்கச் சொன்னால் கொடுத்திருப்பேன். உதடு விரியும். பல் தெரியும். தொண்டை நரம்பு புடைக்கும். பிறகு அதே "ம்..." தான். ஒருநாள் இடது கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். அந்தக் கையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அதோடு அன்றைய பாடம் முடிந்தது.

ஆடியில் காற்று அள்ளிக்கொண்டு போகும். வெள்ளாமை எடுத்த காடுகள் வெறுமனே கிடக்கும், கண்ணுக்கெட்டிய தூரம்வரை மறைப்பு கிடையாது. ஒரு சாயந்திரம் மந்தை முழுக்கத் தொழுவத்துக்குள் போய்விட்டது. சினை ஆடு ஒன்று மட்டும் வேலிக்கருவைப் புதர் அந்தப் பக்கம் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது. நான் கத்திப் பார்த்தேன், கல்லெடுத்துப் பார்த்தேன். சினை ஆட்டை விரட்டவும் பயம். அப்போது என் பின்னாலிருந்து வந்தது. "ஹ்ரோ... ப்பா... ப்பா."

யாரோ வேறு ஆள் வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் இவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாய் அதே கோணல். ஆனால் சத்தம் பழைய சத்தம். ஒரு எழுத்து குறையவில்லை, நடுங்கவில்லை. அந்தச் சினை ஆடு புதரைச் சுற்றிக்கொண்டு என்னைத் தாண்டி அவரிடம் போய் நின்றது. அவருக்கே பயமாகிவிட்டது போல. தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஓடிப்போய் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "இப்பம் என்னைக் கூப்பிடுங்க. அதே மாதிரி கூப்பிடுங்க," என்றேன். வாயைத் திறந்தார். "ம்..." என்றார். பரவாயில்லை, இன்று இது வந்தால் நாளை அது வரும் என்று சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். மகளுக்குப் போன் போட்டேன். அவள் அந்தப் பக்கம் அழுதாள். அதை போனில் பதிந்து டாக்டரம்மாவுக்குப் போட்டுக் காட்டச் சொன்னாள். மறுநாள் சாயந்திரம் ஒரு ஆட்டை வேண்டுமென்றே வெளியே நிறுத்திவிட்டு அவரைச் சத்தம் கொடுக்க வைத்துப் பதிந்தேன்.

அடுத்த வகுப்புக்கு முதல் பஸ்ஸிலேயே கிளம்பினோம். மாடிப்படி அன்றைக்கு ஒரு படியாகத் தெரியவில்லை. டாக்டரம்மா போனைக் காதருகே வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. இன்னொரு தடவை கேட்டார். பிறகு போனை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"இது பேச்சு இல்லம்மா," என்றார். "சிலருக்குப் பேச்சு போயிடும், ஆனா பாட்டு வரும். சாமி கும்பிடுற வார்த்தை வரும். சிலருக்குக் கெட்ட வார்த்தை மட்டும் நல்லா வரும். பழகிப் பழகி ஊறிப்போனது எல்லாம் மூளையில வேற ஒரு இடத்துல இருக்கு. அந்த இடம் தப்பிச்சிருக்கு, அவ்வளவுதான். இதுலேருந்து பேச்சு வளரும்னு நான் உங்களுக்குச் சொல்லக்கூடாது."

"கொஞ்சம் கொஞ்சமாக்கூட வராதா?"

அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். இவ்வளவு நாள் ஆகிவிட்டது, இனி பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், இருப்பதை வைத்துச் சமாளிக்கப் பழகலாம் என்றார். ஒரு படப் பலகை கொடுத்தார். தண்ணீர், சோறு, மாத்திரை, கழிப்பறை, வலி என்று கட்டம் கட்டமாகப் படம் இருந்தது. வேண்டியதை அவர் விரலால் தொட்டுக் காட்டலாம். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஆடு இல்லை. நானும் இல்லை. அதன் பிறகு வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டோம்.

அந்த ஆடியும் ஆவணியும் புரட்டாசியும்தான் எங்களுக்கு ஓரளவு நன்றாக இருந்த காலம். காலையில் அவரும் என்னோடு காட்டு எல்லைவரை வருவார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஓடைக்கரையில் போட்டு உட்கார வைத்துவிட்டுப் போவேன். நான் நடப்பேன், அவர் சத்தம் கொடுப்பார். கிளம்பு சத்தம், தண்ணீர்ச் சத்தம், நிற்கிற சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எனக்கு ஓட்டம் குறைந்தது. ஆடுகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பேச்சைக் கேட்டன. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளாகியிருந்தோம். ஒரு முழு ஆள் கிடைத்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன், மறைப்பானேன்.

ஐப்பசி மழை கொட்டியது. கொட்டிய கையோடு சீக்கு வந்தது. முதலில் ஒரு ஆடு தலையைத் தொங்கப்போட்டது. உதடு வீங்கி, எச்சில் ஒழுகி, நாக்கு நீலம் பாரித்தது. நீலநாக்கு நோய் என்றார்கள். கால்நடை டாக்டர் வந்தார், ஊசி போட்டார், தன்னால் ஆனதைச் செய்தார். அதற்குள் அது மந்தைக்குள் புகுந்துவிட்டது. வீட்டில் இருக்கிற ஒரு நாக்குக்கு வைத்தியம் பார்த்து முடியாதவளுக்கு ஒரு மந்தை நாக்கு வந்து சேர்ந்தது. கம்பங்கூழைக் கரைத்து ஒவ்வொன்றின் வாயிலும் ஊற்றினேன். இவர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு ஆடுகளின் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வார். ராத்திரி செத்ததைக் காலையில் இழுத்துக்கொண்டுபோய்ப் புதைப்பேன். ஈரக் கரிசலில் குழி தோண்டுவது லேசில்லை, மண்வெட்டி மண்ணை விடாது. ஒரு கட்டத்தில் எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சாவதானால் எல்லாமாகச் சேர்ந்து சாகக்கூடாதா என்று ஆடுகளைப் பார்த்துத் திட்டினேன்.

மிஞ்சியதை மார்கழியில் எட்டயபுரம் சந்தைக்குப் போகிற ஒரு வியாபாரி வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டார். அந்தச் சினை ஆடும் அதில் இருந்தது, குட்டி தங்கவில்லை. வண்டி கிளம்பும்போது இவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று அந்தக் கடைசி ஆட்டுச் சத்தத்தைக் கொடுத்தார். வண்டிக்குள் அது தலையைத் திருப்பியது. கழுத்தில் கட்டியிருந்ததால் திருப்ப மட்டும்தான் முடிந்தது. இவர் இரண்டாவது தடவை கொடுத்தார். வண்டி தார்ரோட்டில் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் எந்தச் சத்தமும் கொடுக்கவில்லை. தொழுவம் காலியாக இருந்தது, கூப்பிட எதுவுமில்லை. நடையும் விட்டுப்போனது. கயிறு வெயிலில் இற்றுத் தொங்கியது. நான் அதை மாற்றிக் கட்டவில்லை. சேர்த்துவைத்தது எல்லாம் வந்த வழியே திரும்பிப் போனது. முதலில் கொல்லைக்குப் போய்வருவது நின்றது, பிறகு தானாகச் சாப்பிடுவது. படப் பலகையைத் தொடுவதுகூடப் பாதி நாள் கிடையாது. தண்ணீர் வேண்டுமா என்று நான்தான் கேட்பேன். வேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டு கொடுப்பேன்.

நான் புதியம்புத்தூரில் ஒரு தையல் யூனிட்டுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். தைத்து வரும் நைட்டிகளில் பிசிறு வெட்டுகிற வேலை. காலையில் யூனிட் வேன் வரும், சாயந்திரம் ரோட்டில் இறக்கிவிடும். மத்தியானத்துக்கு மதினி வந்து அவருக்கு ஊட்டிவிட்டுப் போவார். நான் திரும்பி வரும்போது காலையில் விட்ட இடத்திலேயே, வாசல் கட்டிலில் ரோட்டைப் பார்த்தபடி கிடப்பார். அன்றைக்கு யூனிட்டில் நடந்ததைச் சொல்வேன். அவர் கேட்கிற கேள்வியை நானே கேட்டு, நானே பதிலும் சொல்வேன். தைரியமாக இருக்கிறாள், எப்படித்தான் தாங்குகிறாளோ என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். நான் எதையும் தாங்கவில்லை. காலையில் வேன் வந்து ஹாரன் அடிக்கிறது, ஏறுகிறேன். அவ்வளவுதான் என் தைரியம். நம்பிக்கை என்று ஒன்று இருந்தது, அதை ஆடுகளோடு ஏற்றி அனுப்பிவிட்டேன்.

இந்தப் பங்குனியில் ஒருநாள் வேன் எங்களை இறக்கிவிட்டுப் போனது. கூட வந்த பெண்கள் பேசிக்கொண்டே ஊருக்குள் நடந்தார்கள். நான் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்து, ரோட்டோர ஓடைப்பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். செருப்பில் ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. சாகப்போகிறேன், ஓடிப்போகிறேன் என்றெல்லாம் பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. எழுந்திருக்க ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. பொழுது இறங்கியது. கோவில்பட்டிப் பக்கம் போகிற பஸ் ஒன்று வந்து வேகம் குறைத்தது. ஏறுகிறேனா என்று கண்டக்டர் பார்த்தார். கையை அசைத்து மறுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவராகவே விசில் கொடுத்துப் போய்விட்டார்.

அப்போது வந்தது அந்தச் சத்தம்.

அறுப்பு முடிந்த காட்டில் மறைப்பு இல்லை என்று சொன்னேனே, எங்கள் வீட்டுப் பக்கமிருந்து நேராக வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தொழுவத்தைத் தாண்டி, பழைய கயிறு கட்டிய தூணையும் தாண்டி, காட்டு ஓரத்தில் அவர் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். மாதக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்காத மனுஷன் அங்கன எப்படி வந்து சேர்ந்தார் என்று தெரியவில்லை. ஊருக்குள் போய்க்கொண்டிருந்த பெண்களும் நின்று திரும்பினார்கள். "ஆடுதான் ஒண்ணுமில்லியே, யாரக் கூப்பிடுதாவ?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷம் கழித்து, இத்தனை பாடம் படித்து, ஊர் பார்க்க ஆட்டைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் கூப்பிடுகிறாரே என்று. பேரும் வராமல், ஏட்டியும் வராமல், கடைசியில் எனக்கு வாய்த்தது இதுதானா என்று அழுகையாக வந்தது. எழுந்திருக்க மாட்டேன் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் சாயந்திரம் முழுக்க ரோட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்க வேண்டும். வேன் வந்ததும், எல்லோரும் இறங்கியதும், எல்லோரும் போனதும் தெரிந்திருக்கும். ஒன்று மட்டும் பின்தங்கி நிற்பதும் தெரிந்திருக்கும். அந்த ஒன்றுக்கென்று அவரிடம் ஒரே ஒரு சத்தம்தான் இருக்கிறது. இனி வேறு எதுவும் வரப்போவதில்லை, அந்தச் சின்னப் பெண் பொய் சொல்லவில்லை.

"ஹ்ரோ... ப்பா... ப்பா." இரண்டாவது தடவை.

மூன்றாவதுக்கு எறிய அவருக்குக் கை இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்து, அவருக்குக் கேட்கிற மாதிரி "வாரேன்" என்று சத்தம் கொடுத்தேன்.